கண்ணுக்குத் தெரியாத ஈயமும் ஒளி காட்டும் இழையும்

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சாயப்பட்டறையைப் பார்வையிடச் சென்றிருந்தேன். கணக்குகள் ஒழுங்காக இருந்தன. ரொக்க இருப்பும் பேரேட்டோடு ஒத்திருந்தது. பட்டறைக் கிணற்று நீரைச் சாயமிடுவோரும், அண்டை வீட்டாரும், பக்கத்துக் கத்தரித் தோட்டத்தாரும் பயன்படுத்தி வந்தனர். "தண்ணீர் எப்படி?" என்று கேட்டேன். மூத்த சாயத் தொழிலாளி ஒருவர் செம்பில் முகந்து கொடுத்து, "கண்ணாடி மாதிரி இருக்கும், ஐயா; குடித்துப் பாருங்கள்" என்றார். குடித்தேன். தெளிவாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. "குடிநீர் வசதி திருப்திகரம்" என்று பார்வைக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட்டேன்.

ஓராண்டு கழித்து அந்தத் தெருவில் ஒரு குழந்தைக்குச் சோகையும் ஓயாத வயிற்று வலியும் கண்டன. இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதை மருத்துவர் கண்டறிந்தார். அதன் பின்னரே கிணற்று நீர் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. விடை வர ஐந்து வாரங்கள் ஆயின. லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் ஈயம் என்று வந்தது. அது அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் நான்கு மடங்கு. கிணற்றுக்குச் சற்றுத் தொலைவில் பழைய பாட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை ஒன்று பல ஆண்டுகள் நடந்து மூடப்பட்டிருந்தது. குழந்தையின் உடலில் சேர்ந்த ஈயத்தில் எவ்வளவு நீரால் வந்தது, எவ்வளவு புழுதியால் வந்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. ஆயினும் என் கையொப்பம் அந்தக் குறிப்பின் கீழ் இன்றும் இருக்கிறது. பெட்டியைத் திறந்து எண்ணாமல் "ரொக்கம் சரி" என்று எழுதும் ஆய்வாளரை இலாகா மன்னிக்காது. நீரைச் சோதிக்காமல் "திருப்திகரம்" என்று எழுதியதும் அதே பிழைதான்.

அந்த ஐந்து வாரக் காத்திருப்பைக் கிணற்றடியிலேயே சில நிமிடங்களாகக் குறைக்க முடியுமா? விஞ்ஞானிகள் இதற்கென ஒரு புதுவகை இழையை ஆக்கியுள்ளனர். அது எவ்வாறு வேலை செய்கிறது, அதை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இப்பாடம் எழுதப்படுகிறது.

நீரில் கலந்த உலோகம்

ஈயம், பாதரசம், காட்மியம் முதலியவை கன உலோகங்கள் எனப்படும். இவை நீரில் கரைந்து மிகச் சிறு அளவில் இருக்கும்போது நிறம் இல்லை, மணம் இல்லை, சுவையும் இல்லை. கிருமிகளைக் கொல்ல நீரைக் காய்ச்சுகிறோம். அது நல்ல பழக்கமே. ஆனால் உலோகம் காய்ச்சுவதால் அழியாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் உலோகத்தின் விகிதம் சற்று ஏறவே செய்யும். துணியில் வடிகட்டினாலும் கரைந்த உலோகம் துணியைக் கடந்துவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தரத்தின்படி, ஒரு லிட்டர் நீரில் ஈயம் 10 மைக்ரோகிராமுக்கும், காட்மியம் 3 மைக்ரோகிராமுக்கும், பாதரசம் 1 மைக்ரோகிராமுக்கும் மேற்படலாகாது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரே ஒரு கிராம் ஈயம் முழுவதும் கரைந்தால் 1,00,000 லிட்டர் நீரை இந்த எல்லை வரை கொண்டுபோய்விடும். இத்துணைச் சிறிய அளவை நாக்கு எப்படி அறியும்?

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். இரத்தச் சோகையை உண்டாக்கும். எலும்பில் தங்கி நெடுங்காலம் இருக்கும். தீங்கு செய்யாத ஈய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பயிர் செய்வோரும் இதில் கருத்துச் செலுத்த வேண்டும். வேர் வழியாகச் செடிக்குள் ஏறிய உலோகத்தைக் கீரையைக் கழுவி நீக்க முடியாது.

ஓர் அயல்நாட்டு நகரின் அனுபவம்

நீரைச் சோதிக்கத் தாமதிப்பதால் நேரும் கேட்டை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரம் நன்கு காட்டியது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில், செலவைக் குறைக்கும் நோக்கத்துடன், 2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் குடிநீரின் மூலம் மாற்றப்பட்டது. அதுவரை டெட்ராயிட் நகரிலிருந்து வந்த நீருக்குப் பதிலாக ஃபிளின்ட் ஆற்று நீர் குழாய்களில் விடப்பட்டது. குழாயை அரிக்காமல் காக்கும் இரசாயனம் அந்நீரில் சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக் குழாய்கள் அரிக்கப்பட்டன. ஈயம் வீட்டு நீரில் கலந்தது.

நீரின் நிறமும் மணமும் மாறியதை மக்கள் கண்டு முறையிட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் தொழிற்சாலை, இயந்திர உறுப்புகள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி அந்நீரை வாங்குவதை நிறுத்திக்கொண்டது. ஆயினும் குடிப்பதற்குத் தீங்கில்லை என்றே அதிகாரிகள் சொல்லி வந்தனர். 2015ஆம் ஆண்டில் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழுவினர், நீர் எடுப்பதற்கான 300 பெட்டிகளை அந்நகர மக்களுக்கு அனுப்பினர். மக்கள் தங்கள் வீட்டுக் குழாய் நீரைத் தாங்களே பிடித்து அனுப்பினர். 250க்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து நீர் வந்து சேர்ந்தது. சோதித்ததில், பத்தில் ஒரு பங்கு வீடுகளில் லிட்டருக்கு 25 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் ஈயம் இருப்பது தெரிந்தது. அமெரிக்க அரசு நடவடிக்கைக்கென அப்போது வகுத்திருந்த எல்லை 15 மைக்ரோகிராம். அவ்வாண்டு செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, நகரக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை வெளியிட்டார். அக்டோபரில் நகரம் பழைய நீருக்குத் திரும்பியது. இடையே 18 மாதங்கள் சென்றுவிட்டன.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. மக்களின் கண்ணும் மூக்கும் சந்தேகத்தை எழுப்பின. ஆனால் எண் கையில் வந்த பிறகே அவர்கள் சொல் ஏற்கப்பட்டது. அந்த எண்ணும் ஒருவர் தனியாக முயன்று பெற்றதன்று. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே முறைப்படி நீர் எடுத்து, ஓரிடத்தில் சேர்த்ததால் கிட்டியது. கூட்டுறவாளர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆய்வகத்தில் உலோகத்தை அளக்கும் இயந்திரங்கள் மிக நுட்பமானவை, விலையும் மிகுதி. பயிற்சி பெற்றவரே அவற்றை இயக்க வேண்டும். ஆகவே அவை சில இடங்களில் மட்டும் உள்ளன. நீர் அங்கே பயணம் செய்து வரிசையில் காத்திருக்கிறது. நீர் இருக்கும் இடத்துக்கே சோதனையைக் கொண்டுபோகும் வழியைத் தேடியபோதுதான் டி.என்.ஏ. இழை விஞ்ஞானிகளுக்கு உதவிற்று.

இரட்டைப் புரி நூல்

உயிர்களின் மரபுக் குறிப்பைத் தாங்கும் பொருள் டி.என்.ஏ. என்பதை அங்கத்தினர் பலர் கேள்விப்பட்டிருப்பர். அதன் அமைப்பை வாட்சன், கிரிக் என்னும் இருவர் 1953ஆம் ஆண்டில் விளக்கினர். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்கள் அதற்குப் பெரிதும் துணையாயின. நெசவாளர்க்கு இவ்வமைப்பை விளக்குவது எளிது. அது இரண்டு புரிகள் முறுக்கிய நூல். ஒவ்வொரு புரியிலும் நான்கு வகை மணிகள் மாறி மாறிக் கோக்கப்பட்டுள்ளன. அவற்றின் பெயர்கள் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். எதிர்ப்புரியில் அடினைனுக்கு நேரே தைமினும், குவானைனுக்கு நேரே சைட்டோசைனும் நிற்கும். இவ்வாறு வரிசை பொருந்தினால்தான் இரு புரிகளும் நன்கு இணையும்.

வேண்டிய வரிசையில் மணிகளைக் கோத்துச் சிறிய இழைகளை இயந்திரத்தின் மூலம் செயற்கையாகவே செய்யலாம். நீர்ச் சோதனைக்கு வரும் இழை அவ்வாறு செய்யப்பட்டதே. அதில் உயிரும் இல்லை, கிருமியும் இல்லை. அது ஓர் இரசாயனப் பொருள், அவ்வளவே.

இனி ஒளியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெளுத்த துணிக்கு வெண்மை கூட்ட டினோபால் போன்ற பொருளைச் சேர்ப்பது வழக்கம். அத்துணி புற ஊதா விளக்கின் கீழ் நீலமாய் ஒளிர்வதைப் பலர் பார்த்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, தெரியும் ஒளியாக அது திருப்பித் தருகிறது. இவ்வாறு ஒரு நிறத்து ஒளியை வாங்கி வேறு நிறத்து ஒளியை வெளியிடுவதே ஒளிர்தல். ஒளிரும் சாயத்தின் ஒரு துகளை டி.என்.ஏ. இழையின் நுனியில் பிணைக்க முடியும். அதன் அருகில் வந்தால் அவ்வொளியை விழுங்கிவிடும் வேறொரு துகளும் உண்டு. முன்னதை ஒளிமணி என்றும், பின்னதை இருள்மணி என்றும் இப்பாடத்தில் வழங்குவோம். இரண்டும் நெருங்கியிருந்தால் இருள், விலகினால் ஒளி. உலோகம் வந்தால் இவ்விரண்டின் தூரம் மாற வேண்டும். அவ்வாறு மாறும்படி இழையை அமைப்பதே இம்முறையின் கருத்து.

ஈயம் வந்தால் அறுபடும் இழை

துணியிலுள்ள கஞ்சியை நீக்க என்ஸைம் உபயோகிப்பதைப் பதனிடும் தொழிலார் அறிவர். என்ஸைம் எனப்படும் நொதி தான் செலவாகாமல் வேறொரு பொருளை அறுக்க வல்லது. நொதிகள் பெரும்பாலும் புரதங்களே. டி.என்.ஏ. இழையும் அவ்வேலையைச் செய்யக்கூடும் என்பதை அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் பிரேக்கர், ஜாய்ஸ் என்னும் இருவர் 1994ஆம் ஆண்டில் காட்டினர். அவர்கள் கண்ட இழை வெட்டுவதற்கு ஈயத்தின் துணை வேண்டியிருந்தது.

அவர்கள் கையாண்ட முறை விவசாயிகளுக்குப் புதிதன்று. வயலில் நல்ல கதிர்களைப் பொறுக்கி விதைக்கு வைத்து, அடுத்த பட்டத்தில் மீண்டும் பொறுக்குவது போன்றதே அது. எண்ணிறந்த வகை மணி வரிசைகளையுடைய இழைகளை முதலில் சேர்த்தனர். ஈயத்தை இட்டதும் அறுபட்டவற்றை மட்டும் பிரித்து எடுத்தனர்; அவற்றைப் பெருக்கி மறுபடியும் சோதித்தனர். சில சுற்றுகளில் திறமையான இழைகள் எஞ்சின.

இந்த அறிவை நீர்ச் சோதனைக்குத் திருப்பியவர்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிங் லீ, யி லூ ஆகியோர். 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஈயம் காட்டும் கருவியில் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று வெட்டும் இழை. மற்றது வெட்டுப்படும் இழை. வெட்டுப்படும் இழையின் நடுவே ஓரிடம் மட்டும் வலுக்குறைந்த கண்ணியாக வைக்கப்பட்டுள்ளது. அதன் ஒரு நுனியில் ஒளிமணி உண்டு. வெட்டும் இழையில் அந்த நுனிக்கு நேர் எதிரே இருள்மணி நிற்கிறது. இரு இழைகளும் இணைந்திருக்கும்போது மணிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒளி எழாது.

நீரில் ஈயம் இருந்தால் அது வெட்டும் இழையில் வந்து பொருந்துகிறது. உடனே அவ்விழை தன் வேலையைத் தொடங்குகிறது. வலுக்குறைந்த கண்ணி அறுபடுகிறது. நீண்ட இழை பல மணிகளால் பற்றி நின்றது. துண்டுபட்ட சிற்றிழைக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. அது கழன்று நீரில் மிதந்துபோகும். ஒளிமணியும் இருள்மணியை விட்டு நீங்குகிறது, ஒளி தோன்றுகிறது. ஈயம் மிகுதியாயின் ஒளி விரைவாக ஏறும். குறைவாயின் மெதுவாக ஏறும். ஏறும் வேகத்தை அளந்து ஈயத்தின் அளவைச் சொல்லலாம்.

இக்கருவி லிட்டருக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் ஈயம் வரை காண வல்லதாயிருந்தது. நம் நாட்டுக் குடிநீர் எல்லை 10 மைக்ரோகிராம் அல்லவா? எல்லைக்கு ஐந்தில் ஒரு பங்கு இருக்கும்போதே அது காட்டிக் கொடுக்கும். துத்தநாகம் முதலிய பிற உலோகங்களைக் காட்டிலும் ஈயத்துக்கு அது 80 மடங்குக்கு மேல் இணங்கியது என்பதும் கவனிக்கத் தக்கது.

முதலில் செய்த கருவிக்கு ஒரு குறை இருந்தது. 4 டிகிரிக் குளிரில் அது நன்கு வேலை செய்தது; அறை வெப்பத்துக்கு வந்ததும், ஈயம் இல்லாத போதே இழைகள் சில தாமாகப் பிரிந்து பொய்யொளி காட்டின. 2003ஆம் ஆண்டில் ஜூவென் லியூ, யி லூ இருவரும் வெட்டுப்படும் இழையின் மறுநுனியில் இரண்டாவது இருள்மணி ஒன்றைச் சேர்த்து இக்குறையைப் பெரிதும் நீக்கினர். அதே ஆண்டில் ஒளிமணிக்குப் பதிலாக மிக நுண்ணிய தங்கத் துகள்களைப் பிணைத்து, ஈயம் இருந்தால் நீல நிறம் சிவப்பாக மாறும் முறையையும் அவர்கள் வெளியிட்டனர். பின்னர் இவ்வகை இழைகளைக் கொண்ட கைக்கருவிகள் அமெரிக்காவில் விற்பனைக்கும் வந்தன.

பாதரசத்தைப் பற்றிக்கொள்ளும் இழை

பாதரசத்துக்கு வெட்டும் இழை தேவைப்படவில்லை. தைமின் மணியும் தைமின் மணியும் இயல்பாக இணைவதில்லை என்று மேலே கண்டோம். ஆனால் இரு தைமின்களுக்கு இடையே பாதரச அயனி ஒன்று புகுந்தால், அது பொத்தான் போல் இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஜப்பானைச் சேர்ந்த அகிரா ஓனோ, ஹூமிகா தொகாஷி இருவரும் இதைக் கொண்டு 2004ஆம் ஆண்டில் ஒரு கருவி செய்தனர். ஒரே இழையின் இரு பக்கமும் தைமின் மணிகளைக் கோத்து, ஒரு நுனியில் ஒளிமணியும் மறுநுனியில் இருள்மணியும் வைத்தனர். பாதரசம் இல்லாத நீரில் இழை தளர்ந்து கிடக்கும், ஒளி தெரியும். பாதரசம் வந்தால் இரு பக்கமும் பூட்டப்பட்டு, இழை கொண்டை ஊசி போல் மடியும்; ஒளி குன்றும்.

ஈயக் கருவியில் நஞ்சு இருந்தால் ஒளி ஏறும். இக்கருவியிலோ நஞ்சு இருந்தால் ஒளி இறங்கும். இவ்வேறுபாட்டை மறந்தால் விடையைத் தலைகீழாகப் படித்துவிடுவோம். அன்றியும், ஒளி குறைவதற்கு நீரின் கலங்கலும் காரணமாகலாம். ஆகவே ஒளி குறையும் கருவியைக் காட்டிலும் ஒளி கூடும் கருவியையோ நிறம் மாறும் கருவியையோ களத்தில் நம்புவது எளிது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜூவென் லியூவின் குழுவினர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அத்தகையது. தைமின் மிகுந்த இழையை நீர் நிறைந்த கூழ்மத்தில் பிணைத்து, ஒரு சாயத்தைச் சேர்த்தனர். விளக்கின் கீழ் வைத்தால், பாதரசம் இல்லையேல் மஞ்சள் ஒளியும், உண்டேல் பச்சை ஒளியும் கண்ணுக்கே தெரியும். அக்கூழ்மம் நீரிலுள்ள பாதரசத்தை ஈர்த்துக்கொள்ளவும் செய்யும். அமிலத்தால் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டுக் கருவி காண வல்ல மிகக் குறைந்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மைக்ரோகிராம் பாதரசம். 2010ஆம் ஆண்டுக் கூழ்மம் காண்பது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அது அமெரிக்கக் குடிநீர் எல்லைக்குச் சமம். நம் நாட்டு எல்லையோ 1 மைக்ரோகிராம். ஆகவே இவ்விரண்டில் எதைக் கொண்டு சோதித்தாலும், "பாதரசம் தென்படவில்லை" என்ற விடை "நம் தரத்துக்கு உட்பட்டது" என்று பொருள்படாது. 1 மைக்ரோகிராமுக்கு மேலும் 2 மைக்ரோகிராமுக்குக் கீழும் உள்ள பாதரசம் அந்த விடைக்குள் ஒளிந்திருக்கலாம். பின்னர் வந்த வேறு முறைகள் இதைவிடக் குறைந்த அளவையும் காண்கின்றன. எனவே எந்தக் கருவியை வாங்கினாலும், அது காண வல்ல மிகக் குறைந்த அளவு யாது, நமது எல்லை யாது என்று இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

எங்கே நம்பக் கூடாது?

முதலாவது, ஓர் இழை ஓர் உலோகத்துக்கே உரியது. ஈயக் கருவி இருண்டிருந்தால் அந்நீரில் காட்மியம் இல்லை என்று ஆகாது.

இரண்டாவது, இவ்விழைகள் கரைந்து தனித்து நிற்கும் உலோக அயனியையே காண்கின்றன. மண் துகளில் ஒட்டியோ, மட்கிய பொருளோடு பிணைந்தோ இருக்கும் உலோகம் இவற்றின் கண்ணில் படாமல் போகலாம். ஆய்வகத்தார் அமிலம் சேர்த்துப் பக்குவப்படுத்தி மொத்த அளவையும் காண்பர்.

மூன்றாவது, நெசவு ஊர்களுக்கு இது முக்கியமானது. சாயக் கழிவு கலந்த நீருக்குத் தன் நிறமே உண்டு; வெண்மையூட்டி கலந்திருந்தால் அதற்குத் தன் ஒளியும் உண்டு. இவை ஒளிச் சோதனையைக் குழப்பும். உப்பு மிகுதலும், அமிலத்தன்மை மாறுதலும், வெயிலின் வெப்பமும் இழைகளின் இணைப்பையும் வேகத்தையும் மாற்றும்.

நான்காவது, இழையை ஈரத்திலும் சூட்டிலும் வைத்தால் கெடும். அசுத்த நீரிலுள்ள நுண்ணுயிரிகளின் நொதிகளும் அதைச் சிதைக்கும். காலாவதித் தேதி கடந்த பெட்டியைச் சிக்கனம் கருதி உபயோகிப்பது சிக்கனமன்று.

இக்காரணங்களால் இச்சோதனையை முதற்சோதனையாகவே கொள்ள வேண்டும். எந்தக் கிணற்று நீரை உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை அது சொல்லும். அரசிடம் முறையிடவும், நிவாரணம் கோரவும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்றே தேவை.

சோதனையைச் சோதிக்கும் முறை

தராசை முத்திரையிட்ட எடைக்கல்லால் சரிபார்க்கிறோம். ஒளிச் சோதனைக்கும் அவ்வாறே சரிபார்ப்பு வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு குழாய்களை வைத்துப் பார்ப்பது நன்று. முதற்குழாயில் உலோகம் அற்ற தூய நீர். இதில் ஒளி எழலாகாது. இரண்டாவதில் அளவு தெரிந்த ஈயம் சேர்த்த தூய நீர். இதில் ஒளி எழ வேண்டும். மூன்றாவதில் கிணற்று நீர். நான்காவதில் அதே கிணற்று நீரோடு அளவு தெரிந்த ஈயம் சேர்க்கப்பட வேண்டும். மூன்றாவது இருண்டு, நான்காவது ஒளிர்ந்தால், கருவி காணக்கூடிய அளவில் தனித்து நிற்கும் ஈயம் அந்நீரில் இல்லை எனலாம். நான்காவதும் இருண்டிருந்தால், அந்நீரில் உள்ள வேறொன்று சோதனையைத் தடுக்கிறது என்பதே பொருள். அப்போது விடை யாதும் கிடைக்கவில்லை என்று எழுத வேண்டும். ஈயம் சேர்த்த குழாய்களை ஆசிரியரோ ஆய்வகப் பயிற்சி பெற்றவரோ கையாள்வதே முறை. சோதித்து முடிந்த நீரைக் கிணற்றடியில் ஊற்றலாகாது.

நீர் எடுப்பதிலும் ஒழுங்கு தேவை. சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் எடுக்க வேண்டும். உலோகப் பாத்திரம் உதவாது. கிணற்று நீராயின் மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்ட பின் எடுக்க வேண்டும். குழாயிலிருந்து ஈயம் வருகிறதா என்று அறிய வேண்டுமாயின், இரவு முழுவதும் தேங்கி நின்ற நீரின் முதல் வரவையே பிடிக்க வேண்டும். இரண்டு புட்டிகள் எடுத்து, ஒன்றைக் களச் சோதனைக்கும் மற்றதை ஆய்வகத்துக்கும் வைக்கலாம். ஆய்வகத்துக்குச் செல்வதில் அமிலம் சேர்க்க வேண்டுமா என்பதை அவர்களையே கேட்டு அதன்படி செய்க. புட்டியின் மேல் இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி ஒட்ட வேண்டும்.

சங்கம் செய்யத் தக்கவை

கருவி கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில், அங்கத்தினர்கள் குடிக்கவும் பாய்ச்சவும் உபயோகிக்கும் கிணறுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கலாம். ஒவ்வொரு கிணற்றின் அருகிலும் முன்பு என்ன தொழில் நடந்தது என்று முதியோரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். மூடிய கொட்டகையைக் காகிதம் காட்டாது; ஊர் நினைவே காட்டும். மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தை அணுகி, கன உலோகச் சோதனை எங்கே நடக்கிறது, கட்டணம் எவ்வளவு, நீரை எவ்வாறு எடுக்க வேண்டும் என்று கேட்டு, விடையைப் பொதுக்குழுவில் படிக்கலாம். ஒரு குடும்பத்துக்குப் பாரமாகும் கட்டணம் நூறு குடும்பங்கள் பகிர்ந்தால் பாரமாகாது.

களச் சோதனையில் ஒளி எழுந்துவிட்டால், ஆய்வக விடை வரும் வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் முதலாக எவரும் அந்நீரைக் குடிக்கவோ சமைக்கவோ விடாமல் வேறு நீருக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகக் குழுவின் கடமை. காய்ச்சிக் குடிக்கும்படி சொல்வது இங்கே தவறான யோசனையாகும்.

நான் முதலில் சொன்ன கிணறு குடிநீருக்கு மூடப்பட்டது. பின்னொரு முறை அங்கே சென்றபோது அந்த மூத்த தொழிலாளியைக் கண்டேன். "கண்ணாடி மாதிரி என்று நான்தானே சொன்னேன், ஐயா" என்று அவர் வருந்தினார். "சொன்னது நீங்கள், பெரியவரே, எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்" என்றேன். இப்போதெல்லாம் பார்வைக் குறிப்பில் குடிநீர் பற்றிய இடத்தில் "திருப்திகரம்" என்று நான் எழுதுவதில்லை. சோதித்த நாளையும், சோதித்தவர் பெயரையும், கண்ட அளவையும் எழுதுகிறேன். சோதிக்காத இடத்தில் "சோதிக்கப்படவில்லை" என்று எழுதி, அடுத்த பார்வைக்குள் சோதிக்குமாறு தேதி குறிக்கிறேன்.

மாதக் கூட்டத்தில் விவாதிக்கத் தக்க வினாக்கள்

1. ஈயம் கலந்த நீரைக் காய்ச்சுவதால் ஏன் பயனில்லை?

2. ஈயம் காட்டும் இழையில் ஒளிமணியும் இருள்மணியும் எப்போது பிரிகின்றன?

3. லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரை மட்டும் காணும் கருவியில் பாதரசம் தென்படவில்லை. அந்நீர் நம் நாட்டுத் தரத்துக்கு உட்பட்டது என்று சொல்லலாமா? காரணம் கூறுக.

4. நான்காவது குழாயும் ஒளிராவிட்டால் சங்கப் பதிவேட்டில் என்ன எழுதுவீர்கள்?

5. நம் சங்க எல்லைக்குள் உள்ள கிணறுகளில் எது கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? அந்தச் சான்று யாரிடம் உள்ளது?